மின்பொறியும் எடைக்குறியும்

ஐப்பசித் திங்களில் நம் கோவையில் இடி மின்னலோடு மழை வருங்கால், காற்றில் ஒருவகைக் கார மணம் எழுதலை நாம் அறிவோம். பொறி சிதறும் மின்சார மோட்டாரின் அருகிலும் அம்மணம் உண்டு. அஃது ஓசோன் என்னும் வாயுவின் மணமாம். பிராணவாயுவின் மூலக்கூறு இரண்டு அணுக்களால் ஆயது. ஓசோனோ மூன்று அணுக்களால் ஆயது. மின்சாரம் பாயுங்கால் பிராணவாயுவின் மூலக்கூறு பிளவுபட, தனித்த அணு மற்றொரு மூலக்கூற்றோடு கூடி ஓசோன் பிறக்கின்றது.

கண்ணுக்குப் புலனாகாத இவ்வணுக்களின் போக்கை எங்ஙனம் அறிவது? கண்ணபுரத்து மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளைகள் எத்துணை கலந்து நிற்பினும், சூட்டுக்குறி இட்டவன் தன் காளையை இனங்காண்பான். அணுக்களுக்கு எடையே அக்குறி. பிராணவாயுவின் அணுக்களுட் பதினாயிரத்தில் ஏறக்குறைய 4 அணுக்கள் 17 என்னும் எடையும், 20 அணுக்கள் 18 என்னும் எடையும் உடையன. எஞ்சியவை 16 எடையின. இவற்றை ஐசோடோப்புகள் என்பர். பிறந்த பொருளில் இவை கூடினவா குறைந்தனவா என அளப்பின், மாற்றம் நிகழ்ந்த வழி வெளிப்படும்.

16ஐ நோக்க 17க்கு எடை மிகுதி 1, 18க்கு 2. ஆதலின் ரசாயன மாற்றத்தில் 17 அடையும் வேறுபாடு, 18 அடைவதிற் பாதியளவே என்பது நெடுநாள் விதியாயிருந்தது. 1969இல் மெக்சிகோவில் வீழ்ந்த அயெண்டே விண்கல்லில் இவ்விதி பிறழ்ந்திருத்தலை 1973இல் கிளேட்டன் முதலியோர் கண்டனர். ரசாயனத்தால் இது கூடாதாகலின், அணுக்கருவின் செயலாற் பிறந்த பொருள் அதிற் கலந்தது போலும் என்று அவர் கருதினர்.

1983இல் தீமன்ஸ், ஹைடன்ரைக் என்னும் இருவர் பிராணவாயுவில் மின்சாரம் பாய்ச்சி, பிறந்த ஓசோனை அளந்தனர். என்னே வியப்பு! 17உம் 18உம் அதிற் சமமாக மிகுந்திருந்தன. ரசாயனத்தால் கூடாதென்றது ஒரு சிறு கலத்துட் கூடிற்று. அவ்விருவர் முதலிற் கூறிய காரணம் பின்னர் நிலைபெறவில்லை. இருபுறமும் ஒத்திராத ஓசோன் மூலக்கூறு சிதையாது நிலைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதே பின்னையோர் கொண்ட விளக்கம். நம் நாட்டிலும் அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தார் ஓசோனின் ஐசோடோப்புகளை ஆராய்ந்துளர்.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? காரணம் மாறிற்று, செவ்வனே அளந்த அளவு மாறவில்லை. கண்டதை உள்ளவாறு உரைத்தலே அறிவுக்கு முதற்படி என்க.