சிறு உலோகமும் வெப்ப அளவீடும்: இண்டியத்தின் அணுநிறை பற்றிய ஒரு குறிப்பு

விஞ்ஞான உண்மைகள் ஆய்வாளனின் சிந்தனையில் மட்டும் பிறப்பனவல்ல. உழைப்பும் கருவியும் அவற்றின் பிறப்பில் பங்குகொள்வன. சிறியதோர் உலோகத் துண்டின் வெப்பக் கொள்ளளவை அளந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1863 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பிரைபேர்க் சுரங்க நகரில் நாகத் தாதுவை ஆராய்ந்த ரைக், றிக்டர் ஆகிய இருவர் இண்டியம் என்னும் புதிய உலோகத்தைக் கண்டனர். 8 பங்கு ஒட்சிசனுடன் ஏறத்தாழ 37.8 பங்கு இண்டியம் சேர்வது அறியப்பட்டது. எனினும், அதன் வலுவளவு 2 எனின் அணுநிறை 75.6 ஆகும்; 3 எனின் 113.4 ஆகும். இரண்டில் எது உண்மை? தராசு மட்டும் இவ்வினாவுக்கு விடை தரவில்லை.

விடைக்கான வழியை, 1819 இல் டூலோங், பெற்றீ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் காட்டியிருந்தனர். திண்ம மூலகமொன்றின் தன்வெப்பத்தை அணுநிறையாற் பெருக்கின், பெரும்பாலும் ஏறத்தாழ ஒரே பெறுமானமே கிடைக்கும். இன்றைய அலகில் அது 25 யூல் அளவினது.

ஆயின் இண்டியம் அரிய உலோகம்; சிறு துண்டே கைக்கெட்டியது. 1 கிராம் துண்டை 100 பாகைக்குச் சூடாக்கி, 0 பாகையிலுள்ள 100 கிராம் நீரில் இட்டால், நீரின் வெப்பநிலை 0.06 பாகையளவும் உயராது. கலத்தின் வெப்ப இழப்பே இதனை மறைத்துவிடும்.

1870 இல் பன்சன் அமைத்த பனிக்கட்டிக் கலோரிமானி இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது. அதில் வெப்பநிலை அளக்கப்படுவதில்லை. உலோகம் தரும் வெப்பம் பனிக்கட்டியின் ஒரு பகுதியை உருக்கும். உருகிய பனிக்கட்டி கனவளவிற் சுருங்கும். அச்சுருக்கம் மயிர்த்துளைக் குழாயிலுள்ள இரசத்தை உள்ளிழுக்கும். மேற்கூறிய துண்டு ஏறக்குறைய 0.07 கிராம் பனிக்கட்டியையே உருக்கும். எனினும், 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள குழாயில் இரசம் 6 மில்லிமீற்றர் நகரும். அதனைக் கண்ணாற் காணலாம்.

இண்டியத்தின் தன்வெப்பம், கிராமுக்கும் பாகைக்கும் ஏறத்தாழ 0.233 யூல். இதனை 75.6 ஆற் பெருக்கின் 18 அளவிலும், 113.4 ஆற் பெருக்கின் 26 அளவிலும் பெறுமானங்கள் கிடைக்கின்றன. பிந்தியதே விதிக்கு இசைவது. ஆவர்த்தன அட்டவணையின் ஒழுங்கினைக் கொண்டு மென்டலீவும் அதே ஆண்டில் இம்முடிவுக்கே வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

விதியும் நிரந்தரமானதன்று. வைரம் அதற்கு அடங்கவில்லை. குளிர்நிலையில் உலோகங்களும் அதனின்று விலகின. இவ்விலகலை 1907 இல் ஐன்ஸ்டைன் சக்திச் சொட்டுக் கொள்கை கொண்டு விளக்கினார். கோட்பாட்டை நிலைநாட்டிய அளவீடே அதன் எல்லையையும் காட்டியது. அறிவின் வளர்ச்சி இம்முரணினூடாகவே நிகழ்கின்றது.