நல்ல உணவும் ஒவ்வாத வயிறும்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அறங்காவலர்கள் கேட்டபோது, ஆன்மிகம் எழுதும் தகுதி எனக்கில்லை என்றேன். ஜொகூரில் தோட்ட மருந்தகங்களில் பல்லாண்டுகள் மருத்துவ உதவியாளராக, தோட்டத்து மக்கள் சொல்வதுபோல் ‘டிரஸ்ஸராக’, வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் அன்னதானப் பந்தியில் கரண்டி பிடிக்கிறேன். இந்த இரண்டு வேலையும் சந்திக்கும் ஒரு விஷயத்தையே எழுதுகிறேன். அது என் தவறு ஒன்றில் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. பால் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தேன். எழுபதைக் கடந்த ஓர் அக்கா குவளையைக் கையால் மூடிக்கொண்டு, “வேணாம் தம்பி, பால் எனக்கு ஒத்துக்காது” என்றார். “சாமிக்குப் படைச்சதுக்கா, ஒன்னும் செய்யாது” என்று வற்புறுத்தி ஊற்றினேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று அவரும் குடித்துவிட்டார். அன்று பஸ்ஸில் வீடு திரும்புவதற்குள் அவர் பட்ட அவதியைப் பிறகு அவருடைய மகள் சொல்லித்தான் அறிந்தேன். அதன்பின் மூன்று சனிக்கிழமை அவர் ஆலயத்துக்கு வரவில்லை. வயிற்று வலிக்கு மருந்து கலந்து கொடுத்தே காலம் கழித்த எனக்கு அது உறைக்காமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உள்ளது. அதைப் பிளக்க லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் சுரக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் அது தாராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்த பின் பலருக்கு மெல்லக் குறைந்துவிடும். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பால் குடித்து வளர்ந்த பிள்ளை, பெரியவனானதும் அதே பாலைக் கண்டு ஒதுங்குவது இதனால்தான். பிளக்கப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. போகும்போது நீரை இழுத்துக்கொண்டு போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. வயிற்று உப்புசம், இரைச்சல், பேதி எல்லாம் அதன் விளைவு. அந்த வாயுவில் ஹைட்ரஜனும் உண்டு. அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவருவதால், மூச்சைச் சோதித்தே இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இது நோயன்று. உலகில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான். 2006-ல் வெளிவந்த ஒரு மலேசிய ஆய்வில், சோதிக்கப்பட்ட மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று இனத்தவரிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் லாக்டோஸைச் சரியாகச் செரிக்க இயலாதவர்களாகவே இருந்தனர். ஆக, பந்தியில் பாயசத்தை மறுப்பவரைவிட மறுக்காமல் அவதிப்படுபவரே அதிகம் இருக்கக்கூடும்.

ஆனாலும் அளவு முக்கியம். ஒரு குவளைப் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். அந்த அளவைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் பெரும்பாலோர் தாங்கிவிடுவார்கள். பாலைச் சுண்டக் காய்ச்சிய பாயசத்தில் அது செறிந்திருக்கும். டின்பால் ஊற்றிய தே தாரிக்கிலும் அப்படியே. தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதோடு, நம் குடலுக்குள் வந்தபின்னும் செரிமானத்துக்கு உதவுகின்றன. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். மோர் குடித்தால் சுகமாயிருக்கிறது, பால் குடித்தால் உபாதை என்று ஒருவர் சொன்னால் அது பாசாங்கில்லை.

பாலோடு விஷயம் முடிந்தால் நல்லது. முடியவில்லை. புரட்டாசியில் இறைச்சியை விட்டு, சைவம் சாப்பிட்டும் வயிறு கெடுகிறதே என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இறைச்சி இருந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்பு, கூடை கூடையாய் வெங்காயம், காளான், கோதுமையில் செய்த ‘சைவ இறைச்சி’, நடுவே நவராத்திரியின் ஒன்பது நாள் சுண்டல்!

கடலை வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றைப் பிளக்கும் நொதி எந்த மனிதருக்கும் குடலில் சுரப்பதில்லை. எல்லோருக்குமே வாயு உண்டாகும். குடல் கூருணர்ச்சி உள்ளவருக்கு அது வலியாகிறது, அவ்வளவே. வெங்காயம், பூண்டு, கோதுமை இவற்றில் இருக்கும் ஃபிரக்டான் என்பதும் இவ்வகையே. இவையனைத்தையும் ‘ஃபாட்மேப்’ என்று ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து 2005-ல் எழுதியவர்கள், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும்.

இதைப் படித்தபின் எங்கள் சமையற்கட்டைப் புதுக்கண்ணோடு பார்த்தேன். இந்தச் சர்க்கரைகள் நீரில் கரையும். ஆகவே இரவெல்லாம் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டால் சுண்டல் ஓரளவு சாதுவாகிவிடும். நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கடலை வெந்த தண்ணீரை வீணாக்கலாமா என்று ரசத்தில் ஊற்றுகிறார்கள். சிக்கனம் பாராட்டத்தக்கதுதான். ஆனால் வயிற்றுக்குப் பயந்து சுண்டலைத் தொடாமல் ரசம் மட்டும் குடித்தவருக்கு அங்கேயே வினை காத்திருக்கிறது.

பூண்டு ரசத்தில் பூண்டை எடுத்துப் போட்டாலும் பயனில்லை, சாரம் தண்ணீரில் இறங்கியிருக்கும். ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. எனவே பூண்டை எண்ணெயில் பொரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், தொல்லை வராது. வெங்காயமும் பூண்டும் சேர்க்காத நிவேதனப் புளியோதரை சிலருக்கு இதமாயிருப்பதும், அதே பந்தியின் சாம்பார் ஒத்துக்கொள்ளாததும் வியப்பல்ல.

இன்னொன்று. பாலுக்குப் பதில் சோயாப் பால் குடிக்கச் சொல்கிறார்கள். முழுச் சோயாவை அரைத்தெடுத்த பாலில் லாக்டோஸ் இல்லையே தவிர, கடலைச் சர்க்கரை உண்டு. கெட்டித் தவுவில் தண்ணீரோடு அது பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. நம் ஜாவானிய அண்டை வீட்டார் செய்யும் தெம்பேயும் புளிக்கவைத்தது என்பதால் லேசானதே. பஞ்சாமிர்தத்தை நான் குறை சொன்னால் அடிக்க வருவீர்கள்! ஆனால் கனிந்த வாழைப்பழம், தேன், பேரீச்சை மூன்றும் இந்தப் பட்டியலில் இருப்பவைதான். ஒரு தேக்கரண்டிக்கு யாருக்கும் ஒன்றும் ஆகாது, கிண்ணம் நிறைய என்றால்தான் யோசிக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டாம். பருப்பும் கடலையும் உடலுக்கு நல்லவை. சந்தேகமானவற்றை இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதே முறை. உணவியலாளர் துணையோடு செய்வது மேல். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு பொருளே எதிரியாக இருக்கும்.

டிரஸ்ஸராக ஒரு வார்த்தை கண்டிப்புடன் சொல்கிறேன். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வந்த மாற்றம் ஆகியவற்றை வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். நம் நாட்டின் 2012-2016 புற்றுநோய்ப் பதிவேட்டின்படி ஆண்களுக்கு மிகுதியாக வந்தது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயே. மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காட்டும் சோதனை எளியது. மருத்துவரிடம் கேளுங்கள்.

மறு ஆண்டு புரட்டாசியில் பாயசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மோர்ப் பானையும் வைத்தோம். உபயகாரர் ஒருவர் மனமுவந்து அதையும் ஏற்றுக்கொண்டார். அக்காவின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டு அழைத்துவந்தேன். மோரை வாங்கிக்கொண்டார். ரச வாளியோடு நான் குனிந்தபோது மட்டும் குவளையை மூடிக்கொண்டு, “கடலத் தண்ணி ஊத்துனியா தம்பி?” என்றார்.