பழுதான சரக்கும் நமது பொறுப்பும்

நமது கடைகள் பலவற்றில் கல்லாவுக்கு மேலே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகை தொங்குவதைக் காண்கிறோம். பில்லின் அடியிலும் அதே வாசகம் அச்சாகிறது. பழுதான சரக்கைப் பொறுத்தவரை இந்த வாசகம் நம்மைக் காப்பாற்றாது என்பதை உறுப்பினர்கள் அறிந்திருப்பது அவசியம்.

1986-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ளது. பில்லில் குறிப்பிட்ட காலத்திற்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது இச்சட்டம். பில் தராததும் அவ்வாறே.

இந்தக் கருத்து புதுவைக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சியில் இங்கு நடைமுறையிலிருந்த சிவில் சட்டத்தின் 1641-ஆம் பிரிவு, மறைந்திருக்கும் குறைகளுக்கு விற்றவரையே பொறுப்பாக்கியது. வாங்குபவர் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய குறைக்கு அவர் பொறுப்பல்ல என்றது அடுத்த பிரிவு.

ஆகவே, கேட்டவர்க்கெல்லாம் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பதில்லை. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பவை பழுதாகா. குறையைச் சொல்லியே மலிவாக விற்றிருந்தால், அதைப் பில்லிலேயே எழுதிவிட வேண்டும்.

புகார் வந்தால் செய்ய வேண்டியவை

1. மற்ற வாடிக்கையாளர் முன் வாதிடாமல், பில்லையும் பொருளையும் பொறுமையாகப் பார்க்கவும்.
2. தேதி, பில் எண், குறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதவும். பொருளை வாங்கி வைத்தால் ரசீது தரவும்.
3. மிக்சி, மின்விசிறி போன்றவற்றை அவர் முன்னிலையிலேயே ஓட்டிப் பார்க்கவும்.
4. "கம்பெனியைப் போய்க் கேளுங்கள்" என்று அனுப்பிவிடாமல், பதில் சொல்லும் நாளைக் குறித்துக் கொடுக்கவும்.
5. பழுது நீக்கியோ, மாற்றியோ, பணம் கொடுத்தோ முடித்தபின் கையெழுத்து பெறவும். பணம் திருப்பினால் ஜி.எஸ்.டி. கணக்கிற்குக் கிரெடிட் நோட் போடவும்.

பழுதான பொருளால் ஒருவரது உடலுக்கோ உடைமைக்கோ சேதம் நேர்ந்தால், தயாரித்தவர் யாரென்று தெரியாத நிலையில் விற்றவரே பொறுப்பாளி. கம்பெனி தராத உத்தரவாதத்தை நாமாகக் கொடுத்து, பொருள் அதற்கேற்ப இல்லாவிட்டாலும் அப்படியே. எனவே கொள்முதல் பில் இல்லாத சரக்கை அடுக்கில் ஏற்ற வேண்டாம். "ரெண்டு வருஷத்துக்கு நான் கியாரண்டி" என்று வாய்க்கு வந்தபடி சொல்லவும் வேண்டாம்.

வெளியூர் வாடிக்கையாளர்

கடலூர், விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து வந்து வாங்குவோர் நமக்கு ஏராளம். புதிய சட்டப்படி அவர்கள் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நோட்டீஸ் வந்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாட்கள். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்துள்ளது. ஐந்நூறு ரூபாய் இஸ்திரிப் பெட்டிக்காகக் கடையை விட்டுவிட்டுக் கடலூருக்கு அலைவது யாருக்கு நஷ்டம்?

மொத்த வியாபாரத்தில்

மறுவிற்பனைக்கு வாங்கும் நாம் இச்சட்டப்படி நுகர்வோர் அல்ல. நமக்குத் துணை 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம். சரக்கைச் சோதிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் நியாயமான காலத்திற்குள் வேண்டாமென்று தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். லாரியிலிருந்து இறக்கியதும் பிரித்துப் பார்த்து, குறையை அன்றே எழுத்தில் அனுப்புவதே பாதுகாப்பு. மொத்த வியாபாரிகளும் அதை உடனே கவனித்தால்தான், சில்லரைக் கடைக்காரர் தம் வாடிக்கையாளருக்குத் தைரியமாகப் பதில் சொல்ல முடியும்.

பழைய பலகையைக் கழற்றிவிட்டு, "பழுதிருந்தால் பில்லுடன் 30 நாட்களுக்குள் வரவும்" என்று எழுதி மாட்டுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.