வீடு தேடிய கவிஞர் கிளாட் மெக்கே

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவில், கிளாரெண்டன் மலைப்பகுதியில், செப்டம்பர் 15ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் கிளாட் மெக்கே. தந்தையார் பாப்டிஸ்டு சபையில் பக்திமிக்கவர். ஆயினும், ஆசிரியராயிருந்த தமையனாரிடம் கற்ற சிறுவனோ கடவுள் மறுப்புக் கொள்கையிலேயே வளர்ந்தான்.

இசையே அவர்தம் கவிதையின் ஊற்று. ஜமைக்காவின் நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1907இல் நூலாக்கிய வால்டர் ஜெக்கில் என்னும் ஆங்கிலேயர், மக்களின் பேச்சுமொழியிலேயே பாடுமாறு அவரை ஊக்கினார். 1912இல் வெளிவந்த ‘ஜமைக்காப் பாடல்கள்’ என்னும் தொகுப்பில் சில கவிதைகளுக்கு மெட்டுகளும் இணைக்கப்பெற்றன.

அவ்வாண்டே கல்வியின்பொருட்டு அமெரிக்கா சென்ற கவிஞர், நிறவெறியின் கொடுமையை அங்கே கண்ணாரக் கண்டார். புகைவண்டியில் உணவு பரிமாறிக்கொண்டே எழுதினார். 1919ஆம் ஆண்டுக் கோடையில் கறுப்பின மக்கள் பல நகரங்களில் தாக்கப்பட்டபோது, அஞ்சாது எதிர்த்து நிற்க அழைத்த அவரது பதினான்கடிப் பாடல் நாடெங்கும் ஒலித்தது. 1922இல் மாஸ்கோ சென்று பொதுவுடைமை மாநாட்டில் பேசினார். பின்னர் பிரான்சு, ஸ்பெயின், மொராக்கோ என 1934 வரை அலைந்தார்.

அலைந்த காலத்திலும் இசை அவரைப் பிரியவில்லை. ஹார்லெம் நகர்ப்பகுதியின் ஜாஸ், புளூஸ் இசை அவருடைய முதற் புதினத்தில் முழங்குகிறது. 1929இல் வந்த ‘பாஞ்சோ’ புதினமோ மார்செய் துறைமுகத்தில் இசைக்குழு அமைக்க முயன்ற ஏழைக் கலைஞனின் கதை. 1937இல் எழுதிய தன்வரலாற்றுக்கு, அடிமைகள் கண்ணீரோடு பாடிய பக்திப்பாடல் ஒன்றிலிருந்தே தலைப்பைத் தேர்ந்தார். வீட்டைவிட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டவனின் ஏக்கம் அது!

1940களின் தொடக்கத்தில் நோயும் வறுமையும் அவரை வாட்டின. கேத்தரின் டி ஹூக் அம்மையார் ஹார்லெமில் நிறுவிய ‘நட்பு இல்லம்’ என்னும் கத்தோலிக்க இல்லத்தைச் சார்ந்தோர் அவருக்கு உதவிக்கரம் நீட்டினர். விவாதத்தால் எவரும் வெல்ல முடியாத உள்ளத்தை அன்பு மெல்லத் தொட்டது. சிகாகோவில் ஆயர் பெர்னார்டு ஷீல் அவர்களின் பணியில் சேர்ந்த கவிஞர், 1944ஆம் ஆண்டு அக்டோபரில் திருமுழுக்குப் பெற்றார்.

பழைய தோழர் மாக்ஸ் ஈஸ்ட்மன் அவரைத் தடுக்க முயன்றார், பயனில்லை. போராட்டக் கவிஞர் அடங்கிப்போனாரா? இல்லை. நிறவெறியைக் கண்டிப்பதை அவர் இறுதிவரை கைவிடவில்லை. டாரதி டே அம்மையாரின் ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ இதழ் அவருடைய பாடல்களை வெளியிட்டது.

1948ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் சிகாகோவில் அவர் உயிர்நீத்தார். 1912இல் நீங்கிய தாயகத்தை அவர் மீண்டும் காணவேயில்லை. ஆயினும் திருச்சபையில் ஒரு வீட்டைக் கண்டடைந்தார். நோயுற்ற ஒருவருக்கு அன்புள்ளங்கள் செய்த உதவியே அவ்வீட்டின் கதவைத் திறந்தது. நம் பங்கிலும், ஆலயத்தை மறந்து தனிமையில் வாடும் ஒருவர் இல்லாமலா போவார்? அவர்தம் வாயிலை முதலில் தட்டவேண்டியவர் நாமன்றோ!