தொண்ணூறு நாள் யாருடைய கணக்கு?

போதை மறுவாழ்வு மையங்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரு கெடு திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டில் ஒருவரைச் சேர்த்து 30 நாள் முடியப்போகிறது. மையமோ 90 நாள் இருந்தே ஆகவேண்டும் என்கிறது. நடுவில் அழைத்துப் போனால் கட்டிய பணம் வராது, விட்ட குடி வந்துவிடும் என்றும் எச்சரிக்கிறது. எது சரி என்று மனைவி கேட்கிறார், அண்ணன் கேட்கிறார், அம்மா கேட்கிறார். உள்ளே இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதுதான் கடிதங்களில் காணோம். சட்டம் முதலில் கேட்பதோ அதைத்தான். 30 என்பது, சம்மதிக்கும் நிலையில் இல்லாத ஒருவரை உள்ளே வைத்திருக்கச் சட்டம் போட்ட வரம்பு. 90 என்பது பல மையங்களில் வெறும் கட்டணத் திட்டம். இரண்டும் மருத்துவர் எழுதித் தந்த அளவு அல்ல.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடப்பில் இருக்கிறது. மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளும் அதற்குள் அடக்கம். வயதுவந்தவரைச் சேர்க்க அது இரண்டு வழிகளைத் தருகிறது. அவரே சம்மதித்துச் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட்டுவிட வேண்டும். நிலைமையை மதிப்பிடுவதற்காக நிறுத்திவைத்தாலும் 24 மணி நேரம்தான். மற்றது 89ஆம் பிரிவு. 'ஆதரவுடன் சேர்க்கை' என்பது அதற்குச் சூட்டிய மென்மையான பெயர். விஷயம் என்னவோ கட்டாயம்தான். நோயாளியின் நியமனப் பிரதிநிதி இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். நோயாளி யாரையும் நியமிக்கவில்லை என்றால் உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் விண்ணப்பிக்கத்தான் குடும்பத்துக்கு உரிமை, தீர்மானிக்க அல்ல. ஒரு மனநல மருத்துவரும், மற்றொரு மனநல நிபுணரோ மருத்துவரோ நோயாளியைத் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். தன்னையோ பிறரையோ தாக்கக்கூடியவர், அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் ஆபத்தில் இருப்பவர், சொந்தமாக முடிவெடுக்கும் நிலையிலும் இல்லாதவர் என்று இருவரும் கண்டாக வேண்டும். ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போகவேண்டும். பெண் என்றால் மூன்றே நாள். 30 நாளைத் தாண்ட இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் வாரியத்தின் அனுமதியும் தேவை. 90 நாள் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது, முதல் நீட்டிப்பின் உச்சவரம்பாக.

பூட்டிய கதவுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்பது வெளியே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்தார்களே, அதுதான் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம். ஓட்டையும் அங்கேயே இருக்கிறது: தகவல் சொல்லவேண்டியது மையம். பதிவே இல்லாத மையம் யாருக்குச் சொல்லும்? நாலு பேர் வேனில் வந்து தூக்கிப்போகும் 'பிக்-அப்', அப்பா கையெழுத்திட்ட ஒரு தாள், அவ்வளவுதான் பல இடங்களில் சேர்க்கை. நாங்கள் மருத்துவமனை இல்லை, இல்லம்தான் என்று நழுவவும் முடியாது. தங்கவைத்து மறுவாழ்வு தரும் இடமும் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. ஆனால் பதிவில்லாமல் நடத்துவதற்கு முதல் முறை அபராதம் 5,000 முதல் 50,000 ரூபாய். கட்டண வசூலில் கரைந்துவிடும் தொகை. சீல் வைத்தோம், நடவடிக்கை எடுத்தோம் என்ற அறிவிப்புகளை இதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

குடிப்பவர் எந்தக் காலத்தில் சம்மதிப்பார், அதுவரை அடிவாங்குவது யார் என்ற கேள்வி நியாயமானது. கத்தியை எடுப்பவர் விஷயத்தில் 89ஆம் பிரிவு இருக்கிறது. வேனில் வரும் நான்கு ஆட்களுக்குப் பதில் இரண்டு மருத்துவர்களை அது கேட்கிறது. அதற்கும் மேலான கட்டாயத்தால் பலன் கூடும் என்பதற்கு ஆதாரம் மெலிவு. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான மதிப்பீடு, கட்டாயச் சிகிச்சையால் நிலை மேம்படுவதாகக் காணவில்லை. கட்டாயப் போதை மீட்பு முகாம்களை மூடும்படி ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012இலேயே கூட்டாகச் சொல்லிவிட்டன. வேறு போக்கிடம் எங்கே என்று குடும்பங்கள் கேட்பதிலும் உண்மை உண்டு. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் சிகிச்சை பெற்றவர் 38இல் ஒருவர். உள்நோயாளியாகப் பெற்றவர் 180இல் ஒருவர். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் தமிழக அரசு, கடை திறப்பதில் இத்தனை பஞ்சம் காட்டவில்லை.

உடம்பின் கணக்கு வேறு. நெடுங்காலம் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கம், இல்லாததைக் காணுதல், பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரவில் மருத்துவர் இருக்கவேண்டியது அந்த முதல் வாரத்தில். பிறகு வரும் ஆலோசனை, குடும்பத்தாருடன் அமர்வு, குடியை விட முனைவோர் ஒன்றுகூடும் ஏ.ஏ. கூட்டம் எல்லாம் வெளியே வந்த பின்னும் தொடரவேண்டியவை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றியவருக்கு ஆபத்து வெளியே வந்ததும்தான் கூடுகிறது. விட்டிருந்த நாட்களில் உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடுவதால் பழைய அளவே உயிரைப் பறிக்கும்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. மொட்டையடிக்கலாமா? கட்டாயப்படுத்தி அடிப்பதைச் சட்டம் தடுக்கிறது.

சங்கிலி? எந்த விதத்திலும் கூடாது.

வீட்டுக்குப் போன்? பேசவும், பார்க்க வருபவரைச் சந்திக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

காப்பீடு? போதைச் சிகிச்சை பொதுவாக விலக்குப் பட்டியலில்.

சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மாத்திரை? வேண்டவே வேண்டாம். டைசல்பிரம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் குடிப்பவர் சாகக்கூடும்.

ஆலோசனைக்கு? 14446, கட்டணமில்லை.

மறுஆய்வு வாரியத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒவ்வொரு மையமும் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். பணம் கட்டுமுன் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் அங்கே யாரையும் விட்டுவராதீர்கள்.