கூர் எங்கே போகிறது?

சவர பிளேடின் எஃகு நம் முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. ஆனாலும் சில சவரங்களிலேயே பிளேடு மழுங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜியான்லூக்கா ரோஷியோலி, செம் தசான் ஆகியோரின் குழு, எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே பிளேடை வைத்து முடியை வெட்டிப் பார்த்து, 2020 ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டது. விளிம்பு மெல்ல மெல்லத் தேய்ந்து உருண்டுபோகும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவர்கள் கண்டது சில்லுகளை. முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு எஃகு விளிம்பிலிருந்து பெயர்ந்து போயிருந்தது. முடி வளைந்து சாய்வாக வந்து, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத ஓரிடத்தை அழுத்தினால், அங்கே எஃகு தெறிக்கிறது.

சட்டைப்பையில் கிடக்கும் பேனாக்கத்திக்கு இதைவிடக் கடினமான வாழ்க்கை. பார்சல் அட்டையைக் கிழிக்கிறோம், கயிறு அறுக்கிறோம், மாங்காய் நறுக்குகிறோம், எலுமிச்சையைப் பிளந்துவிட்டுத் துடைக்காமல் மடக்கி வைக்கிறோம். நன்றாகத் தீட்டிய விளிம்பின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் முடியோ 50 முதல் 100 மைக்ரான். இவ்வளவு மெல்லிய இடத்தில் எஃகு மடங்கலாம், தெறிக்கலாம், அட்டையில் உள்ள தாதுத் துகள்கள் உரசித் தேயலாம், எலுமிச்சையின் அமிலம் அரிக்கலாம். ஒன்றைத் தடுக்கப் போனால் இன்னொன்று தலைதூக்கும். எந்த எஃகு நல்லது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

இரும்பு தானாகக் கத்தி ஆவதில்லை. அதற்குக் கார்பன் வேண்டும். 100 கிராம் இரும்பில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை கார்பன் இருந்தால் போதும். இரும்பைச் சுமார் 800 டிகிரிக்குச் செக்கச் சிவக்கக் காய்ச்சும்போது அதன் படிகக்கூடு மாறி, அணுக்களுக்கு இடையே கார்பன் நுழைய இடம் பிறக்கிறது. மெதுவாக ஆறவிட்டால் கூடு பழைய வடிவுக்குத் திரும்பும், கார்பனும் வெளியேறிவிடும். தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று முக்கினால், கூட்டம் இறங்குவதற்குள் கதவைச் சாத்திய பேருந்துபோல, கார்பன் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. படிகக்கூடு கோணிக்கொண்டு இறுகிப் போகிறது. இந்த மாற்றம் எஃகுக்குள் ஒலி பரவும் வேகத்தை ஒட்டிய வேகத்தில் நடக்கிறது. கொல்லர்கள் தோய்ச்சல் என்று சொல்வது இதைத்தான். தோய்ச்சல் முடிந்த எஃகு மிகக் கடினம், ஆனால் கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடியும் 150, 200 டிகிரி அளவுக்கு இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துகிறார்கள். ஒரே எஃகு ஒரு பட்டறையில் நல்ல கத்தியாகவும் இன்னொன்றில் தகரமாகவும் முடிவது இந்த இரண்டு சூடுகளில்தான். கத்தியின் மேல் பொறித்திருக்கும் எஃகின் பெயர் இதைச் சொல்லாது.

துருவுக்கு மாற்றுக் கிடைத்தது 1913இல். துப்பாக்கிக் குழாய்களின் உட்புறம் அரிக்கப்படுவதைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்த ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி, 12.8 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை உருக்கினார். மேற்பரப்பில் குரோமியம் ஆக்சிஜனுடன் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு படலமாக நிற்கிறது. கீறினால் தானே மறுபடி மூடிக்கொள்கிறது. இந்த எஃகு கத்திகளுக்கு ஏற்றது என்பதை பிரியர்லியே விடாமல் வலியுறுத்தினார்.

நம் வீட்டு எவர்சில்வர் தட்டும் இதே குடும்பம்தான், ஆனாலும் அதில் கத்தி செய்ய முடியாது. தட்டில் பெரும்பாலும் நிக்கல் போன்ற உலோகங்களைச் சேர்த்திருப்பார்கள். அதனால் தோய்ச்சலே பிடிக்காது. ஒரு காந்தத்தை எடுத்து இரண்டிலும் வைத்துப் பாருங்கள். கத்தியில் கப்பென்று ஒட்டும். தட்டு பல வீடுகளில் சட்டை செய்யாது.

குரோமியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கார்பனைக் கண்டால் அதைப் பிடித்துக்கொண்டு கார்பைடு என்னும் கடினத் துகளாகிவிடும். அப்படிப் போன குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. டி2 என்ற எஃகில் 12 விழுக்காடு குரோமியம் இருந்தும் ஈரத்தில் புள்ளி விழுவதற்கு இதுவே காரணம். ஒன்றரை விழுக்காடு கார்பன் அந்தக் குரோமியத்தில் கணிசமான பங்கைக் கட்டிப் போட்டுவிடுகிறது.

கார்பைடுகளால் லாபமும் உண்டு. அட்டையும் கயிறும் உரசும்போது தேயாமல் நிற்பவை அவைதான். ஆனால் பழைய முறையில் வார்த்த எஃகில் அவை பருத்து வளர்ந்துவிடும். 20, 30 மைக்ரான் நீளமுள்ள துகள், ஒரு மைக்ரான் விளிம்பில் எப்படி நிற்கும்? பெயர்ந்து விழும், பள்ளம் விழும். இதற்குத்தான் தூள் உலோகவியல் வந்தது. உருகிய எஃகை அதிவேக வாயுவால் சிதறடித்தால் ஒவ்வொரு துளியும் நொடியில் உறைகிறது. கார்பைடு வளர நேரமே இல்லை. அந்தத் தூளைப் பெட்டியில் அடைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக்குகிறார்கள். அமெரிக்காவின் குருசிபிள் நிறுவனம் 2001இல் கத்திகளுக்கென்றே கொண்டுவந்த எஸ்30வி இப்படிப்பட்டது. அதில் 4 விழுக்காடு வனேடியம்; குரோமியம்போல இதுவும் கார்பனைப் பிடித்துக் கார்பைடாகும்.

வனேடியம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. தென்னிந்தியாவில் மூசை எனும் மண்குடுவைகளில் உருக்கி உலகெங்கும் போன உருக்கில் வாள் அடித்தபோது மேற்பரப்பில் நீரலை போன்ற வரிகள் எழுந்தன. அந்த வரிகளுக்குக் காரணம் தாதுவிலேயே இருந்த மிகச் சிறு அளவு வனேடியம் போன்ற கலப்புகள்தான் என்று உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் அதே வகை அலகுகளை மறுபடி செய்து காட்டி 1998இல் எழுதினார்கள். அதற்கும் முன்னால், லண்டன் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் 1820 வாக்கில் உலோகக் கலவைகளை ஆராயத் தொடங்கியதற்குத் தூண்டுகோலும் இந்த உருக்குதான். உலகின் எஃகு ஆராய்ச்சி வரலாற்றில் நம் மூசைக்கு உரிய இடத்தைப் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அப்படியானால் எஸ்30வி போன்ற எஃகையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். தீட்ட உட்காரும்போதுதான் விஷயம் தெரியும். வனேடியம் கார்பைடு, சாதாரணச் சாணைக்கல்லில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம். கல் சுற்றியுள்ள இரும்பைத்தான் அரைக்கும். துகள் அப்படியே நிற்கும். வைரத் தூள் ஒட்டிய தகடு இல்லாமல் அதைத் தீட்டுவது வீண் உழைப்பு. மழுங்கியபின் தீட்டப்படாமல் டிராயரில் கிடக்கும் விலையுயர்ந்த கத்தியால் யாருக்கு என்ன பயன்? சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்திகளின் கடினம் ராக்வெல் அளவில் சுமார் 56தான். கத்திப் பித்தர்கள் அதை மென்மை என்று ஒதுக்குவார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை: சீக்கிரம் மழுங்கும், ஆனால் பத்து நிமிடத்தில் கூர் திரும்பும், விளிம்பு மடங்குமே தவிர எளிதில் தெறிக்காது.

தீட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், எஃகைவிட இது முக்கியம். 1000 எண் கல்லை நீரில் நனைத்து, நழுவாமல் ஈரத்துணி மேல் வையுங்கள். அலகின் அகலம் 20 மி.மீ. என்றால், முதுகின் நடுப்பகுதி கல்லிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும், கோணம் ஏறக்குறைய 15 டிகிரி. சந்தேகமாக இருந்தால் விளிம்பை ஒட்டிய சரிவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். மை விளிம்பு வரை போயிருந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். ஒரே பக்கத்தை, மறுபக்கத்தில் பிசிறு எழும்வரை தீட்ட வேண்டும். கட்டை விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்பைத் தாண்டி வெளியே போகும்படி மெல்ல வருடினால் பிசிறு தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டிவிடாதீர்கள். அடியிலிருந்து நுனிவரை பிசிறு எழுந்தால்தான் இரண்டு சரிவுகளும் சந்தித்துவிட்டன என்று பொருள். பிறகு திருப்பி மறுபக்கம். கடைசியில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கத்துக்கு ஓர் இழுப்பாக மாற்றி மாற்றி இழுத்து, தோல்வாரிலோ மடித்த செய்தித்தாளிலோ பின்னோக்கித் துடைத்துவிடுங்கள். பலர் இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். நீக்கப்படாத பிசிறு காகிதத்தை அருமையாக வெட்டும். அடுத்த மாங்காயில் மடங்கி, கத்தி மொக்கையாகிவிடும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளை, வெட்டுக்கத்தியைத் தாராளமாகக் கொடுக்கலாம். மெல்லிய பேனாக்கத்தியை உலர்ந்த சக்கரத்தில் கொடுக்கும்போது தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். விளிம்பில் நீல நிறம் ஓடினால் சூடு 300 டிகிரி அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பட்டறை கொடுத்த பதம் போயிற்று.

அன்றாடத்துக்கு ஒரே ஒரு கத்தி என்றால் என் தேர்வு, 0.6 விழுக்காடு கார்பனும் 13.5 விழுக்காடு குரோமியமும் கொண்ட ஸ்வீடனின் 12சி27 போன்ற எளிய எஃகு. துகள்கள் நுண்மையானவை, துரு எளிதில் அண்டாது, சாதாரணக் கல்லே போதும். விலையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல 1000 எண் கல் வாங்கிக்கொள்ளுங்கள்.