சும்மாட்டை நம்பிய கூரைகள்

"ஆலைக் கொட்டகை கட்டும்போது ப்ரீகாஸ்ட் பீமைக் கிரேனில் தூக்கித் தூண்மேல் வைத்துவிட்டுப் போகிறார்களே, அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். வட இத்தாலியின் எமிலியா பகுதியில் 2012 மே மாதம் வரை, ஏராளமான ஆலைகளில் இதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான்: எதையும் பிடித்துக்கொள்ளவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தது.

அந்த மே 20 ஞாயிறு, விடிவதற்கு முன்பே, ரிக்டர் 6-ஐ ஒட்டிய நிலநடுக்கம் வந்தது. ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு, ஆலைகளில் வேலை நடக்கும் நேரத்தில் ஏறக்குறைய அதே வலுவோடு இன்னொன்று. இரண்டிலுமாக 25 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் தொழிலாளர்கள். இடிந்த ஆலைகளைப் பார்க்கப் போன பொறியாளர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பல இடங்களில் தூண்கள் நிமிர்ந்தே நின்றன. மேலே இருந்த உத்திரங்களும் கூரைப் பலகைகளும் மட்டும் நழுவிக் கீழே கிடந்தன.

நீளமான மரம் ஒன்றை இரண்டு பேர் தலையில் சுமந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஆளுக்கொரு சும்மாடு. இந்த ஆலைகளின் கூரையும் அப்படித்தான். தூண்தான் ஆள், தூணின் உச்சிதான் தலை, உத்திரத்துக்கு அடியில் வைக்கும் நியோப்ரீன் ரப்பர் பட்டைதான் சும்மாடு. கட்டு எதுவும் கிடையாது, எல்லாம் உராய்வின் பொறுப்பு.

"பல டன் எடை, எங்கே நகரப் போகிறது" என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கேதான் இயற்பியல் காலை வாருகிறது. எடை கூடினால் உராய்வு கூடும், சரி. ஆனால் தூண் ஆடும்போது உத்திரத்தை நகர்த்தப் பார்க்கும் நிலைமவிசையும் அதே கணக்கில் கூடும். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் நிறை இருப்பதால் அடிபட்டுப் போகிறது. ஐந்து கிலோ பலகையானாலும் இருபது டன் உத்திரமானாலும் ஒரே அளவு ஆட்டத்தில் நழுவுமா நழுவாதா என்பதை முடிவு செய்வது உராய்வுக் குணகம் மட்டுமே.

அந்தக் குணகத்திலும் ஒரு குறும்பு உண்டு. நேப்பிள்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியோப்ரீனைக் கான்கிரீட்டின்மேல் வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தார்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்போது குணகம் 0.5-ஐ நெருங்குகிறது, அழுத்தம் ஏற ஏற 0.1-ஐ நோக்கி இறங்குகிறது. அதாவது கனமான உத்திரம் அதே பட்டையை இன்னும் வழுக்கலாக்கிக்கொள்கிறது! தூண் உச்சியின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே நழுவல் தொடங்கிவிடலாம்.

சுமக்கிறவர் சட்டென்று முழங்காலை மடக்கினால் என்ன ஆகும்? ஒரு கணம் தலைமேல் பாரமே தெரியாது. அந்தக் கணத்தில் பக்கவாட்டில் யாராவது தட்டினால் மரம் போய்விடும். நிலம் மேலும் கீழும் குலுங்கும்போது தூண் உச்சியில் நடப்பதும் இதேதான். எடை குறையும் நொடித்துளிகளில் உராய்வும் குறைகிறது. மே 29 அன்று மிராண்டோலா ஊரின் பதிவுக்கருவி காட்டிய செங்குத்து முடுக்கம் கிடைமட்ட முடுக்கத்தைவிடப் பெரியது. ஆனால் எல்லாப் பழியையும் இதன்மேல் போட முடியாது. செங்குத்துக் குலுக்கல் சற்று முந்தி வந்துவிடும். பலத்த பக்கவாட்டு ஆட்டத்தோடு அது ஒரே நொடியில் சேர்ந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். அது சேராவிட்டாலும், சுமக்கிற இரண்டு பேரும் ஒரே தாளத்தில் நடக்காமல் போகலாம். இரு தூண்களும் ஆளுக்கொரு பக்கம் ஆடினால் இடைவெளி அகலும், உத்திர முனை உட்கார்ந்திருக்கும் சில அங்குல இருக்கை காலியாகும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கட்டாமல் விட்டார்கள் என்றால், வெயில் ஒரு காரணம். 20 மீட்டர் உத்திரம் 30 டிகிரி வெப்பமாற்றத்துக்கு 6 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். இறுக்கிக் கட்டினால் அந்த 6 மில்லிமீட்டர் தூணை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு காரணம் வரைபடம். நிலநடுக்க மண்டலங்களில் உராய்வை மட்டும் நம்பக்கூடாது என்று இத்தாலியச் சட்டம் முன்பே சொல்லியிருந்தது. எமிலியாவின் இந்தச் சமவெளி அந்த மண்டல வரைபடத்துக்குள் வந்ததே 2003-இல்தான்.

இணைப்பில் கோட்டைவிடுவது இத்தாலிக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. 1968-இல் லண்டனின் 22 மாடி ரோனன் பாயின்ட் கட்டடத்தில், 18-ஆவது மாடி எரிவாயு வெடிப்பு ஒன்று ஒரு மூலை முழுவதையும் சரித்து நான்கு பேரைக் கொன்றது. 1986-இல் கட்டடத்தைக் கழற்றியபோது சில இணைப்புகளுக்குள் கான்கிரீட்டுக்குப் பதில் செய்தித்தாள் இருந்தது. 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் முன்வார்ப்புப் (ப்ரீகாஸ்ட்) பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் சரியாகப் பிணைக்கப்படாத கூரைப் பலகைகள் விழுந்தன. வரலாறு இவ்வளவு போதும்.

சரி, இப்போது கட்டிவிடலாமே? கட்டலாம். ஆனால் மரத்தைத் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினால் அடுத்த ஆட்டத்தில் மரம் விழாது, கழுத்து முறியும். உத்திரம் நழுவ முடிகிறவரை, உராய்வு தரும் விசைக்கு மேல் தூணுக்குப் போகாது. நழுவல் ஒருவகைத் தற்காப்பாகவும் இருந்தது. கட்டிய பிறகு முழு விசையும் தூண் வழியாக அடிவாரத்துக்கு, அங்கிருந்து அஸ்திவாரக் குழிக்கு இறங்கும். இணைப்பைப் பலப்படுத்தியவர் பலவீனத்தை எட்டு மீட்டர் கீழே இறக்கி வைத்தவராகவும் ஆகலாம்.

அதனால் நல்ல பலப்படுத்தல் கொஞ்சம் தளர்வாகவே இருக்கும். தூண் பக்கத்திலும் உத்திரப் பக்கத்திலும் எஃகுத் தகடு பொருத்தி, போல்ட் போகும் துளையை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் வெட்டுவார்கள். வெயில் விளையாட இடம் கிடைக்கும், நிலநடுக்கத்தில் போல்ட் துளையின் ஓரத்தில் முட்டி நிறுத்தும். சிலர் எஃகு வடத்தைத் தொய்வாக விட்டு இணைப்பார்கள்: மரத்தைப் பற்றாமல் பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் கை மாதிரி. இன்னும் சிலர் இடையில் வளைந்து நெளியும் எஃகுத் துண்டை வைத்து, ஆட்டத்தின் ஆற்றலை அது தின்னும்படி செய்வார்கள்.

இந்த மூன்றுக்கும் பொதுவான தொல்லை ஆங்கர் போல்ட். தூண் உச்சி குறுகலான இடம். விளிம்புக்கு அருகில் துளையிட்டால் எஃகு தாங்கும், கான்கிரீட் சில்லாகப் பெயர்ந்து வரும். முதலில் கருவி வைத்து உள்ளிருக்கும் கம்பி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். முடிந்தால் தூணை ஊடுருவும் போல்ட், இல்லாவிட்டால் உச்சியைச் சுற்றி எஃகுக் கச்சை. விளம்பரத் தாள்களில் பளபளக்கும் இணைப்புக் கருவியின் படம் பெரிதாக இருக்கும். அதை மாட்டும் சில அங்குலக் கான்கிரீட் படத்தில் இருக்காது. 'கார்பன் இழை சுற்றினால் கட்டடமே நிலநடுக்கத்தைத் தாங்கும்' என்பதும் அந்த ரகம்தான். இழை தூணுக்கு வலு சேர்க்கும். மேலே உத்திரம் நழுவுவதை அது தடுக்காது.

இத்தாலிய அரசின் 2012 அவசரச் சட்டம் ஆலையை மறுபடி திறக்க மூன்று குறைகளை முதலில் சரிசெய்யச் சொன்னது: தூணுக்கும் உத்திரத்துக்கும், உத்திரத்துக்கும் கூரைக்கும் இணைப்பு இல்லாதது, சரியாகப் பிணைக்கப்படாத சுவர்ப் பலகைகள், தாங்கல் இல்லாத உயர அலமாரிகள். மூன்றாவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். பர்மேசான் பாலாடைக்கட்டிக் கிடங்குகளில் ஒவ்வொன்றும் 40 கிலோவை ஒட்டிய சக்கரங்கள் லட்சக்கணக்கில் அலமாரியோடு சரிந்திருந்தன. இந்த மூன்றையும் முடித்தவர்களுக்குக் கிடைத்தது தற்காலிக அனுமதிதான். புதுக் கட்டடத்துக்குரிய பாதுகாப்பில் 60 சதவீதத்தையாவது எட்டுவது அடுத்த கட்டம். தூணின் அடிவாரத்தையும் பலப்படுத்த வேண்டியிருந்தால் இயந்திரங்களை நகர்த்தி ஆலையின் தரையைத் தோண்ட வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான்.